சாயாத வண்டி

பொங்கியண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் அவரைத் தெரியும் என்பார்கள். போர் போடுகிற அந்தப் பெரிய லாரி இருக்கிறதே, அதில் கம்பத்தைத் தூக்குவது, ராடை இறக்குவது, லாரியையே நாலு ஜாக்கிகளில் ஊன்றித் தரையை விட்டு எழுப்பி நிறுத்துவது எல்லாமே குழாய்க்குள் இருக்கும் ஆயிலின் அழுத்தத்தில் நடக்கிற வேலை. அதில் எது படுத்துக்கொண்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆந்திராவில் நின்றாலும் சரி, ஒரிசாவில் நின்றாலும் சரி, ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வண்டியை எழுப்பினால் அடுத்த வண்டிக்காரன் பிடித்துக்கொள்வான். பொங்கலுக்கு ஒருமுறை, மாரியம்மன் நோம்பிக்கு ஒருமுறை என்று சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார்.

அவருக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு. "ஆயில் அசையப்படாது கண்ணு. ஆயில் அசைஞ்சா ஜாக்கி அசையும். ஜாக்கி அசைஞ்சா ரிக்கு சாயும். ரிக்கு சாஞ்சா ஆளு செத்துப்போவான்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ரிக் வண்டிக்கு அது சரியான வேதம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அவர் சம்சாரம் பேர் ராசாத்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்போம். நங்கைக்கு ஒரு வருசமாக முதுகு வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்துபோய்க் கேட்டவர்களிடமும், "முதுகு வலிக்காத பொம்பள ஊருக்குள்ள யாருங்க?" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். தொண்ணூற்று நாலாம் வருசம் பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது, பொங்கல் பானைக்கு முன்னால் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே கையை ஊன்றிச் சரிந்து உட்கார்ந்தாள். அப்புறம் தானாக எழுந்திருக்கவில்லை.

கோயமுத்தூரில் காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பில் டி.பி. என்றார்கள். டி.பி. என்றால் இருமல் என்று மட்டும் நினைத்திருந்த அண்ணன், "அவ இருமுனதே இல்லீங்களே" என்று டாக்டரம்மாவிடம் வாதாடினார். அந்த அம்மா பொறுமைசாலி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரித்துப்போன எலும்பையும் பக்கத்தில் சேர்ந்திருக்கிற சீழையும் காட்டினார். மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட வேண்டும், பலகையில்தான் படுக்க வேண்டும், மாதா மாதம் கட்டாயம் வந்து காட்ட வேண்டும். சீழ் பெருகி நரம்பை அழுத்தினால் ஊசி வைத்து எடுக்க வேண்டும். இதற்கு நடுவில் நங்கை, காலில் சுரீர் சுரீர் என்று இழுக்கிறது, தாங்க முடியவில்லை என்று அழுதாள்.

"இழுக்கட்டும்மா. இழுக்குதுன்னா நரம்பு இன்னும் பேசிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்," என்றார் டாக்டரம்மா. "பேச்சு நின்னாத்தான் நாம பயப்படணும்."

வெளியே வந்ததும் அண்ணன் பல்லைக் கடித்தார். "வலிக்கறவளுக்கல்லோ தெரியும். நோவை வச்சுக்கிட்டு சந்தோசப்படச் சொல்றாங்க பாரு." நானும் ஆமாம் போட்டேன்.

அதோடு அண்ணன் ரிக் வேலைக்கு வெளியூர் போவதை விட்டுவிட்டார். நங்கையைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, தலை வாரிவிடுவது எல்லாம் அவர்தான். சோறு மட்டும் என் வீட்டிலிருந்து போகும். இத்தனை வருசம் வராத மனுசன் வந்தாரே என்று ஊரில் சிலர் கேலி பேசினார்கள். அவர் காதிலும் அது விழுந்தது.

மாதா மாதம் கோயமுத்தூர் போவதற்கு என் மெட்டடார் வேன். கல்யாணம், காதுகுத்து, பழனி என்று ஆள் ஏற்றுகிற வண்டி. சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டிலைப் போட்டோம். வேன் நல்ல வண்டிதான், ஆனால் அதற்கு ஒரு சீக்கு உண்டு, வளைவில் சாயும். எதிரே லாரி வந்து ரோட்டை விட்டு இறங்கினால் சாயும், ஏறினால் மறுபக்கம் சாயும். உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது தாலாட்டு. முதுகெலும்பு இற்றுப்போய் மல்லாந்து படுத்திருக்கிறவளுக்கு ஒவ்வொரு சாய்வும் உடம்பை முறுக்கிப் பிழிகிற மாதிரி. இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடிக்கிறது என்பாள். பள்ளிபாளையம் பாலம் தாண்டி, ஈரோடு, பெருந்துறை, அவிநாசி என்று ஊர் ஊராகக் கடக்கும்போது பின்னால் சத்தமே வராது. முந்தானையை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள். கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம் தெரியும், அதனால் நான் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துவிட்டேன்.

காந்திபுரம் லாட்ஜில் தங்கவைத்துப் பார்க்கலாம் என்று தேடினோம். எந்த லாட்ஜ் மாடிப்படியிலும் ஒரு பலகையைச் சாய்க்காமல் திருப்ப முடியவில்லை. ரயிலில் ஏற்றவும் அதே கதை.

ஆனி மாதம் போய்விட்டு வந்த அன்று நங்கை தீர்த்துச் சொல்லிவிட்டாள். "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. இனி அந்த வண்டீல என்னைய ஏத்தாதீங்க. செத்தாலும் என்ற ஊட்டுலயே சாவறேன். மாத்திரைய மட்டும் நீங்க போயி வாங்கியாந்து குடுங்க."

அண்ணன் கெஞ்சினார். நான் கெஞ்சினேன். என் பெண்டாட்டி அழுதாள். நங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அடுத்த முறை போகாவிட்டால் சீழ் என்ன ஆகும், கால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்த வண்டியைவிட அது தேவலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன் என் வேனுக்கு அடியில் படுத்திருந்தார். "இது சாயறதுனாலதான நாச்சிமுத்து இத்தனையும்? சாயாம பண்ணிப்போடறேன்," என்றார் என்னிடம்.

கழித்துப்போட்ட ரிக் வண்டி ஒன்றிலிருந்து சின்ன சிலிண்டர்கள் இரண்டைக் கொண்டுவந்தார். பின்சக்கரத்துக்கு ஒன்றாக, அச்சுக்கும் பாடிக்கும் நடுவில் நிறுத்தினார். சிலிண்டருக்குள் பிஸ்டனுக்கு மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, இரண்டிலும் ஆயில். இடது சிலிண்டரின் மேலறையை வலது சிலிண்டரின் கீழறையோடும், வலது மேலறையை இடது கீழறையோடும் குறுக்கே குழாய் போட்டு இணைத்தார். எனக்குப் புரியவில்லை என்றதும் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுனா, இங்கிருந்து தள்ளுற ஆயில் அங்க போயிரும். தடை இல்ல. வண்டி எடது பக்கம் சாயுதுன்னு வச்சுக்க. இங்க மேல இருக்கறதும் அமுங்கப் பாக்கும், அதோட சேந்த அங்க கீழ இருக்கறதும் அமுங்கப் பாக்கும். ஆயில் எங்க போகும்? போக்கெடமே இல்ல. ஆயில் அசையலீன்னா வண்டி எப்படிச் சாயும்?"

அந்தச் சமயத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாதக் கணக்கில் செத்துப்போயிருந்த முகத்தில் உயிர் வந்திருந்தது. இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ஒரு வால்வும் வைத்தார். அதைத் திறந்துவிட்டால் ஆயில் சும்மா ஓடும், வண்டி பழையபடி சாயும். மூடினால் விறைத்துக்கொள்ளும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே திருகலாம்.

வெள்ளோட்டம் சென்னிமலைக்கு. தூக்குப்போசி, அதுதான் கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரம், அது நிறையத் தண்ணீர் பிடித்து, மூடாமல், கட்டிலின் மேல் வைத்தார். மலைக்கோயில் ரோட்டு வளைவுகளில் என்னை வேகமாக ஏறச் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி சாயவில்லை. போசியில் தண்ணீர் விளிம்பைத் தாண்டவில்லை. மேலே போய் முருகனிடம் பூ உத்தரவு கேட்டார். சாமி தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு என்று அர்த்தம். வலப்பக்கம்தான் விழுந்தது. அண்ணன் அங்கேயே விழுந்து கும்பிட்டார். இன்றைக்கும் எனக்கு முருகன் மேல் வருத்தம் இல்லை. இவர் வண்டியைப் பற்றித்தான் கேட்டார், முருகனும் வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

ஆடி மாதம். நங்கையைச் சம்மதிக்க வைக்க அண்ணன் போசியில் தண்ணீரோடு ஒரு சுற்று ஓட்டி, ஜன்னல் வழியாக அவளுக்குக் காட்டினார். அவள் அவரையும் போசியையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை பாடுபட்டிருக்கிறாரே என்றுதான் அவள் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன்.

ஊரைத் தாண்டும் வரை சுகம். வளைவுகளில் வண்டி பாறை மாதிரி நின்றது. "நல்லாத்தானுங்க இருக்குது," என்று நங்கையின் குரல் வந்தது. அப்புறம் பள்ளிபாளையம் ரோடு. இடது ஓரம் முழுக்கக் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. முன்பெல்லாம் அச்சுக்கு மேலே இருக்கிற வில்பட்டை அந்த அடியை வாங்கிக்கொள்ளும், சக்கரம் மட்டும் இறங்கி ஏறும். இப்போது சக்கரத்தோடு வண்டியே விழுந்தது, சக்கரத்தோடு வண்டியே எழுந்து மோதியது. ஆயில் அசையவில்லை அல்லவா, அந்த அடி அப்படியே பலகைக்குப் போய்விட்டது. நங்கை அலறிய அலறலில் ரோட்டோரம் நின்ற ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அண்ணன் பதறி வால்வைத் திறந்தார். பழைய ஆட்டம் தொடங்கியது. மூடினார், அடுத்த பள்ளம். பாலத்துக்கு முன்னாலேயே, "திருப்புங்க தம்பி, உங்க காலுல உழுகறேன், திருப்புங்க" என்றாள். நான் திருப்பினேன். அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

வீட்டில் இறக்கிப் படுக்க வைத்த பிறகு, மூச்சு அடங்கியதும் நங்கை அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்குத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, இதுல நீங்க படுத்துப் பாத்தீங்களா?"

படுக்கவில்லை. போசியைப் படுக்க வைத்தார், தண்ணீரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார். ரிக்காரன் எவனும் அப்படித்தான் பார்ப்பான். ஜாக்கி போட்டு நிறுத்திய லாரிக்குப் பள்ளம் ஏது? நின்ற இடத்தில் நிற்கிற வண்டிக்கு எழுதிய வேதத்தை ஓடுகிற வண்டிக்குப் போட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று போனேன். வேனுக்குள் பலகையில் மல்லாந்து படுத்திருந்தார்.

"ஓட்டு," என்றார்.

"எங்கீங்ணா?"

"அதே ரோட்டுல ஓட்டு. நான் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாத."

பள்ளிபாளையம் வரை ஓட்டினேன். முதலில் வால்வை மூடி, பிறகு திறந்து. அவருக்கு நல்ல முதுகு. இருந்தும் திரும்பி வரும்போது அவர் அழுகிற சத்தம் கேட்டது. "இத்தன மாசமா இதுலயா போயிட்டு வந்தா? ஒரு வார்த்த சொல்லலியே நாச்சிமுத்து." சொன்னாள், நாம்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை.

அப்புறம் அவர் மறுபடி வேனுக்கு அடியில் போனார். ஆயிலுக்குக் கொஞ்சம் போக்கிடம் வேண்டும் என்று இந்த முறை புரிந்துகொண்டார். உள்ளே காஸ் அடைத்த ரப்பர் பை இருக்கும் இரும்புக் குடுவை ஒன்றைத் தேடிப் பிடித்துக் குழாயில் சேர்த்தார். திடீரென்று அடி வந்தால் ஆயில் அந்தப் பையை அமுக்கிக்கொண்டு கொஞ்சம் உள்ளே போகும், அடி தணிந்ததும் திரும்பி வரும். குழாயின் வாயைச் சிறிதாக்கினார், பெரிதாக்கினார். ஒவ்வொரு தடவையும் தானே பலகையில் படுத்துக்கொண்டார், நான் ஓட்டினேன். ஆவணி போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து எடுத்துக்கொண்டு போகலாம், முழுசாகச் சரியாகட்டும், இன்னொரு தடவை அவளை அலறவிட என்னால் முடியாது என்பார். டாக்டரம்மாவின் கெடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நங்கை வேறு, இப்போதெல்லாம் வலி கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். மாத்திரை கேட்கிறது என்று சந்தோசப்பட்டோம்.

புரட்டாசியில் கிளம்பினோம். வண்டி அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போனது. வளைவில் சாயவில்லை, பள்ளத்தில் மோதவில்லை. பள்ளிபாளையம் ரோட்டைத் தாண்டினோம். பாலத்தைத் தாண்டினோம். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா அம்மணி?"

"இல்லீங்க."

ஈரோடு தாண்டியதும் மறுபடி கேட்டார்.

"காலுக்கு ஒண்ணுமே தெரியலீங்க," என்றாள் நங்கை. "சும்மா சொல்லலீங்க, நெசமாவே. பஞ்சு மேல போறாப்பல இருக்குது. நல்லாச் செஞ்சுபோட்டீங்க."

அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பெருந்துறையில் நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கினார். டீக்கடைக்காரரிடம், "என்ற வண்டி சாயாதுங்க" என்று சம்பந்தமே இல்லாமல் சொன்னார். நான் கண்ணாடியைக் கீழே திருப்பி வைத்தேன். நங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கால் பக்கம் போய் நின்று, பேனாவின் பின்பக்கத்தால் உள்ளங்காலில் அழுத்தி ஒரு கோடு கிழித்தார். நங்கை மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த காலிலும் கிழித்தார். ஊசி எடுத்துக் குத்தினார். ரத்தம் ஒரு பொட்டு வந்தது. நங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"கொஞ்ச நாளாவே மரமரன்னு இருக்குதுங்க. வலி கொறையுதுன்னு இருந்தனுங்க."

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். "ரெண்டு மாசமா ஏன் கூட்டிக்கிட்டு வரலை? அவ்வளவு சொல்லி அனுப்பினேனே."

"வண்டி சாஞ்சுதுங்க," என்றார் அண்ணன். அந்த அம்மாவுக்கு அது என்ன புரிந்திருக்கும்?

அன்றைக்கே ஆபரேஷன் செய்து சீழை எடுத்தார்கள். நரம்பு ரொம்ப நாள் அழுந்திக் கிடந்துவிட்டது, உணர்ச்சி திரும்பினாலும் திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஐப்பசி முழுக்க அங்கேயே கிடந்தோம். அண்ணன் தினமும் அவள் கட்டைவிரலைப் பிடித்துத் திருகுவார். "வலிக்குதா?" முன்பு கேட்ட அதே கேள்விதான். அவள் "இல்லீங்க" என்பாள். அதே பதில்தான். கடைசியில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் வலியோடுதான் வரும், சுரீரென்று இழுத்தால் நல்ல சகுனம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது அவிநாசி தாண்டியிருப்போம். நங்கையின் தலைமாட்டில் வென்னீர் நிறைந்த தூக்குப்போசி, அதே போசிதான், மூடி திறந்திருந்தது. அண்ணன் ரொம்ப நேரம் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். நான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா?" என்றேன். கையைக் காட்டி என்னை அடக்கினார். உதடு மட்டும் அசைந்தது. வேகமாகப் போ என்றார்.

எனக்குப் புரிந்தது. போனேன். ரோட்டை விட்டு இறங்கி ஏறினேன். வளைவுகளை வண்டி திணறத் திணற எடுத்தேன். பெருந்துறைக்கு முன்னால் பள்ளம் தேடித் தேடி விட்டேன். வண்டி பழைய மெட்டடாராகி, கப்பல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. அந்த மனுசன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, பெண்டாட்டி ஒரு தடவை அலறமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் வேண்டிக்கொண்டேன். ஒரு சத்தம், ஒரு ஐயோ, போதும்.

"தம்பி," என்று நங்கை கூப்பிட்டாள்.

நான் பிரேக்கை மிதித்தேன். அண்ணன் அவள் மேல் கவிழ்ந்துகொண்டு, "என்ன அம்மணி? இழுக்குதா? எங்க இழுக்குது?" என்றார்.

"இல்லீங்க. போசித் தண்ணி தளும்பிப் போச்சுங்க, பாருங்க." அவள் தலையை லேசாகத் திருப்பி அடியில் பார்க்க முயன்றாள். "பைப்பு ஏதாச்சு புட்டுக்கிச்சாட்ட இருக்குது. பாவம், அத்தன பாடுபட்டுச் செஞ்சீங்க."

அண்ணன் குனிந்து வால்வை மூடினார். மூடிய பிறகும் கையை எடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமில்ல அம்மணி," என்றார். "சரியாப் போச்சு."

நான் வண்டியை எடுத்தேன். திருச்செங்கோடு வரும் வரை தண்ணீர் தளும்பவே இல்லை.